முப்பது வருஷமா சுடாத ரைஃபிள்

அன்புள்ள சார்,

உங்ககிட்ட ஒரு பழைய பிர்னோ .22 ரைஃபிள் இருக்குன்னு போறபோக்குல ஒரு தடவை எழுதியிருந்தீங்க. அதனாலதான் இந்தக் கடிதம். அப்பாவுக்கு எழுபது தாண்டினதால அவரோட ட்வெல்வ் போர் ஷாட்கன் போன வருஷம் என் பேருக்கு மாறுச்சு, லைசென்ஸும் வந்தாச்சு. இப்ப ஏற்காட்டுல தெரிஞ்ச ஒரு பெரியவர் தன்னோட பிர்னோ மாடல் 2 ரைஃபிளைக் குடுக்கறேங்கறார். "முப்பது வருஷமா ஒரு குண்டுகூட சுடலை தம்பி, உறையிலயே இருக்கு, புதுசு மாதிரி"ன்னு சொல்றார். விலை லட்சத்துல. அந்தக் காசுக்கு நம்ம கவர்மென்ட் ஃபேக்டரியோட புது இச்சாப்பூர் ரைஃபிளே வாங்கலாமேன்னு மச்சான் சொல்றான். க்ளப்ல பேப்பர் டார்கெட் சுடத்தான் வேணும், காட்டுக்கெல்லாம் போற ஆள் இல்ல நான். என்ன பாத்து வாங்கணும்?

பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்ட வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

விலையைப் படிச்சப்ப எனக்கு ஒண்ணும் தோணலை, "முப்பது வருஷமா சுடலை, உறையிலயே இருக்கு"ன்னு படிச்சப்பதான் பக்குன்னு ஆச்சு. செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கறப்ப கிலோமீட்டர் கம்மியான்னு பாக்கற பழக்கத்துல துப்பாக்கியையும் பாக்கறோம். .22 ரைஃபிளுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அதுல போற குண்டு வெறும் ஈயம், நாற்பது கிரெயின், அதாவது ரெண்டரை கிராம் சொச்சம், மேல கொஞ்சம் மெழுகு, உள்ள வெடிமருந்தும் ஒரு சிட்டிகைதான். அது பேரலை, அதாவது குண்டு போற குழலை, தேய்க்கணும்னா பல்லாயிரம் குண்டு போகணும், நம்ம ஊர்ல தோட்டா கிடைக்கிற லட்சணத்துக்கு அது ஒரு ஆயுசுல நடக்காது. இந்த ரைஃபிளைக் கொல்றது துரு, அடுத்து க்ளீன் பண்றேன்னு கம்பியை குண்டு வெளிய வர்ற வாய்ப்பக்கமா விட்டு ஆட்டற கை. சுடறவன் சுட்டு முடிச்சதும் துடைச்சு எண்ணெய் போட்டு வைப்பான். சுடாதவன் உறையைத் திறந்தே பாக்க மாட்டான். ஏற்காடு பனி, தோல் உறை, முப்பது வருஷம், கூட்டிக் கழிச்சுப் பாருங்க. தோல் உறை ஈரத்தை இழுத்து இரும்போட ஒட்ட வெச்சிரும்.

எனக்கு இது பட்டுத்தான் புரிஞ்சுச்சு. 2016 சட்டமன்ற எலெக்ஷனுக்கு மார்ச்ல என் ரைஃபிளை ஸ்டேஷன்ல டெபாசிட் பண்ணினேன், எல்லாரும் பண்ற மாதிரிதான், ஜூன்ல திரும்ப வாங்கினப்ப தோட்டாவை உள்ள தள்ளி அடைக்கற போல்டோட கைப்பிடில யாரோ தொட்ட விரல் ரேகை அப்படியே செம்பழுப்பா துருவா பதிஞ்சிருந்துச்சு. மூணு மாசம்தான். வேர்வையில இருக்கற உப்புக்கு அவ்வளவு நேரமே போதும்.

அதனால அங்க போறப்ப ஒரு சின்ன டார்ச், கொஞ்சம் காதுக்குடையற பஞ்சுக் குச்சி, க்ளப்ல யார்கிட்டயாவது இரவல் வாங்கின .22 க்ளீனிங் ராடு, ஃப்ளானல் துணி எடுத்துட்டுப் போங்க. மொதல்ல தோட்டா அடுக்கற மேகசினைக் கழட்டி போல்டைத் திறந்து, தோட்டா உக்கார்ற சேம்பர்ல எதுவும் இல்லைன்னு கண்ணாலயும் விரலாலயும் பாத்துக்கங்க, பெரியவர் கோவிச்சுக்கிட்டாலும் பரவால்ல. அப்புறம் போல்டை உருவிட்டு பின்பக்கமா பாருங்க. குண்டு போற வழி பளபளன்னு இருந்தா மட்டும் ஏமாறக்கூடாது. எண்ணெய் தடவின பேரல் எல்லாமே பளபளக்கும், அதனால நல்லா துடைச்சு காயவெச்சுட்டுப் பாக்கணும். உள்ள அம்மைத்தழும்பு மாதிரி குழி குழியா கறுப்பா தெரிஞ்சா அது துரு தின்ன இடம். நடு பேரல்ல ஒண்ணு ரெண்டு லேசான புள்ளி இருந்தா கூட நான் விட்டுருவேன். சேம்பர்ல இருந்தா வாங்க மாட்டேன். ஏன்னா சுட்ட தோட்டாவோட காலிக் கேஸ் அந்தக் குழில போய் ஒட்டிக்கும், ஒவ்வொரு தடவையும் போல்டோட மல்லுக்கட்டணும்.

இன்னொண்ணு, இது பலபேர் பாக்காதது. நீங்க என்சிசில இருந்திருந்தா டூ டூ டீலக்ஸ் ரைஃபிள் சுட்டிருப்பீங்க, அதுல கேஸைப் பொறுக்கிப் பாத்தா விளிம்புல ஒரு சின்ன பள்ளம் இருக்கும். பெரிய தோட்டாவுக்கு பத்த வைக்கற பிரைமர் நடுவுல தனியா இருக்கும், இதுக்கு அந்த விளிம்புக்குள்ளயே மருந்தைச் சுழட்டிவிட்டு வெச்சிருப்பாங்க. போல்டுக்குள்ள இருக்கற பின் வந்து விளிம்பை சேம்பர் ஓரத்தோட சேத்து நசுக்கும். உள்ள தோட்டா இல்லாம சும்மா டிக் டிக்னு ட்ரிக்கர் இழுத்து விளையாடினா, பல ரைஃபிள்கள்ல அந்தப் பின் நேரா சேம்பர் ஓரத்துலயே போய் அடிக்கும். வீட்டுப் பிள்ளைங்க கைல கிடைச்ச துப்பாக்கின்னா அங்க ஒரு வெட்டு இருக்க வாய்ப்பு அதிகம். நகத்தால தடவுனா தெரியும். ஆழமா இல்லைன்னா துப்பாக்கி ரிப்பேர் பண்ற நல்ல ஆர்மரர் சரி பண்ணிடுவார், அதை வெச்சு விலையைக் குறைக்கலாம்.

வாய்ப்பக்கம் பஞ்சுக் குச்சியை விளிம்பைச் சுத்தி இழுங்க, எங்கயாவது நூல் மாட்டினா அங்க அடி பட்டிருக்குன்னு அர்த்தம். குண்டு கடைசியா தொடற இடம் அது, ஒருபக்கம் மட்டும் தேஞ்சிருந்தா பின்னாடி தள்ளிட்டு வர்ற வெடிமருந்து வாயு ஒருபக்கமா முந்திக்கிட்டு குண்டை அசைச்சிரும். இதுக்கு வழி இருக்கு, வாயை ஒரு நூல் வெட்டி புதுசா கடைஞ்சா போதும், ஆனா அதை லைசென்ஸ் உள்ள ஆர்மரர்தான் செய்யணும், லேத் பட்டறைக்குக் கொண்டுபோய் தொலைச்சிராதீங்க.

"புதுசு மாதிரி"ங்கறதுல எனக்கு இன்னொரு சந்தேகம். நான் மொதல்ல பாத்த பிர்னோ கண்ணைப் பறிக்கிற கறுப்பு. அன்னிக்கே அட்வான்ஸ் குடுத்திருப்பேன், கூட வந்த க்ளப் கோச் பேரல்ல இருந்த எழுத்தைப் பாருன்னார். ஓரமெல்லாம் மழுங்கிப்போய் சோப்புக்கட்டில இருக்கற பேர் மாதிரி இருந்துச்சு. துருவை பஃபிங் போட்டுத் தேச்சுட்டு மேல கறுப்பு ஏத்தியிருக்காங்க. நான் கடைசில வாங்கினது வெளிய பாக்க சுமார்தான், தூக்கிப் பிடிக்கிற இடத்துல மேல இருக்கற நீலக்கறுப்பு போய் வெள்ளி தெரியும், தோள்ல வைக்கற கட்டைல கீறல், ஆனா ஸ்க்ரூ தலை ஒண்ணுகூட சிதையலை, எழுத்தெல்லாம் நேத்து அடிச்ச மாதிரி கூர்மை. ஸ்க்ரூ தலையைப் பாத்தா எத்தனை அரைகுறை கை அதைத் திறந்துச்சுன்னு தெரிஞ்சிரும்.

இச்சாப்பூரா பிர்னோவான்னு மச்சான் கேட்டது நியாயமான கேள்விதான். செக் நாட்டு பிர்னோ ஊரு ஃபேக்டரி அது, பிரென் கன்ல இருக்கற 'பிர' அந்த ஊர்ப் பேர்லருந்து வந்ததுதான், மீதி 'என்' இங்கிலாந்து என்ஃபீல்டு. போர் முடிஞ்சு சில வருஷத்துல மாடல் 1, அப்புறம் ஐம்பதுகள்ல மாடல் 2, அதே வம்சம்தான் பின்னாடி சிஇசட் 452ன்னு ரொம்ப வருஷம் ஓடுச்சு. வெளிநாட்டுல இது சாதாரண மனுஷன் முயல் சுடற துப்பாக்கி, சில நூறு டாலர். இங்க லட்சம் ஆகுதுன்னா காரணம் எண்பதுகளின் நடுவுலருந்து தனிஆளுக்கு இறக்குமதி அடைபட்டதுதான். அதனால அந்த விலைல பாதி கவர்மென்ட் கதவுக்கு, மீதிதான் இரும்புக்கு. இரும்பு நிஜமாவே நல்ல இரும்பு, அதை மறுக்கல. ட்ரிக்கர் இழுத்தா இழுபறி இல்லாம சுத்தமா விடும், பேரல் நேர்மையா சுடும். ஆனா சேம்பர் போன பிர்னோவைவிட சுத்தமான இச்சாப்பூர் ரைஃபிள் எவ்வளவோ மேல், பேருக்காக காசைக் கொட்டாதீங்க.

எல்லாம் தேறினாலும் சுட்டுப் பாக்காம முடிக்காதீங்க. பெரியவரையே க்ளப்புக்குக் கூட்டிட்டு வாங்க, முன்னாடியே செக்ரெட்டரிகிட்ட சொல்லிட்டு. அவர் லைசென்ஸ், அவர் துப்பாக்கி, அவரோ கோச்சோ பெஞ்சுல சாச்சு வெச்சு 50 மீட்டர்ல அஞ்சு அஞ்சா சுடட்டும். அஞ்சும் ஒரு ரூபா நாணயத்துக்குள்ள விழுந்தா யோசிக்காதீங்க. விழலைன்னாலும் உடனே கைகழுவிடாம தோட்டாவை மாத்திப் பாருங்க. .22 பேரல் ஒவ்வொண்ணுக்கும் நாக்கு தனி, என்னோடது வேகமான தோட்டாவை துப்பிரும். சத்தத்தோட வேகத்துக்குக் கீழ, நொடிக்கு ஆயிரத்து எண்பது அடி மாதிரி போற ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி போட்டா பூனை மாதிரி அமைதியாகி ஒரே ஓட்டைல போடும்.

பேப்பர் விஷயம் சுருக்கமா. 2019 ஆயுதச் சட்டத் திருத்தத்துக்கு அப்புறம் ஒரு ஆளுக்கு ரெண்டு துப்பாக்கிதான், உங்க ட்வெல்வ் போரோட இது சேந்தா கணக்கு முடிஞ்சுது. உங்க லைசென்ஸ்ல ரைஃபிளுக்கு அனுமதி ஏறியிருக்கணும். பெரியவர் நேரா உங்களுக்கு விக்கறதா இருந்தா கலெக்டருக்கோ ஸ்டேஷனுக்கோ எழுத்துல தெரிவிச்சு 45 நாள் காத்திருக்கணும், அந்த நாள்ல முழுப் பணத்தைக் குடுத்துராதீங்க. ரைஃபிள் மேல இருக்கற நம்பரும் லைசென்ஸ் நம்பரும் ஒவ்வொரு இலக்கமா ஒத்துப் பாருங்க. ஒரிஜினல் மேகசின் எங்கன்னு கேளுங்க, அஞ்சு தோட்டா போடற சின்ன தகரப் பெட்டி அது, வீட்டுல ஏதோ ட்ராயர்ல ரெண்டாவது ஒண்ணு கிடக்கும், வாங்கின பிறகு கேட்டா கிடைக்காது.

அந்தத் தோல் உறையையும் சேத்துக் குடுப்பார், அழகா இருக்கும், பித்தளை பக்கிள் எல்லாம் வெச்சு. வாங்கி சுவத்துல மாட்டிக்கங்க. ரைஃபிளை அதுக்குள்ள போடாதீங்க.