யாழ்ப்பாணத்துக்கு வந்த ஒல்லாந்தச் சிப்பாய் மூதாதையைத் தேடுவது எப்படி?

தாய்வழியில் ஒல்லாந்தப் (டச்சு) பெயர், 1658-இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த படையில் ஒரு மூதாதை இருந்தார் என்று வீட்டில் ஒரு பேச்சு, நெதர்லாந்துத் தேசியக் காப்பகத்தின் இணையத் தரவுத்தளத்தில் தேடினால் ஆளே இல்லை, இனி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

அங்கே இல்லாததில் ஆச்சரியமில்லை. அந்தத் தரவுத்தளம் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் கப்பல் சம்பளப் பேரேடுகளிலிருந்து தொகுத்தது. கம்பனி 1602-இல் தொடங்கியது. ஆனால் தப்பிப் பிழைத்த பேரேடுகள் மிகப் பெரும்பாலும் 1700-க்குப் பிந்தியவை, 1794 வரை வருகின்றன. 1658 ஜூனில் போர்த்துக்கேயர் கோட்டையை ஒப்படைத்தபோது வெளியே நின்ற சிப்பாயின் பெயர் அதில் கிடைப்பது குதிரைக் கொம்புதான். அந்த ஆண்டை இப்போதைக்கு மறந்துவிட்டு, உங்கள் அம்மம்மாவிலிருந்து பின்னோக்கிப் போங்கள். இலங்கையில் ஐரோப்பிய வழிவந்தவர்களான பறங்கியரின் பல குடும்பங்களில் முதல் ஆள் வந்தது உண்மையில் 18ஆம் நூற்றாண்டில். 1658 என்பது பள்ளிக்கூடச் சரித்திரப் பாடத்திலிருந்து கதைக்குள் நுழைந்த ஆண்டாக இருக்கலாம்.

பிரித்தானியர் காலப் பிறப்பு, விவாகப் பதிவுகள் இரண்டு மூன்று தலைமுறையைத் தரும். அதற்கு மேலே தேவாலயப் பதிவேடுகள்தான். ஒல்லாந்தர் கட்டிய கொழும்பு வுல்பெண்டால் தேவாலயத்தில் கேட்டுப் பாருங்கள். ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயரோடு நின்றுவிடாமல் சாட்சிகளின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் சொந்தக்காரர்கள், இல்லாவிட்டால் ஒரே படைப்பிரிவில் இருந்தவர்கள். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்த 1706ஆம் ஆண்டுத் தேவாலயம் யுத்தத்தில் அழிந்துபோனது. ஆனால் இலங்கைக் கல்லறை வாசகங்களை பென்ரி லூயிஸ் திரட்டி 1913-இல் அச்சிட்ட தொகுப்பு இருக்கிறது. கல்லறைக் கல் வைக்க வசதி இருந்தவர்கள் அதிகாரிகளும் அவர்கள் வீட்டாரும்தான் என்பதால் சாதாரணச் சிப்பாயை அங்கே அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். காணி இருந்த குடும்பம் என்றால் கொழும்பு தேசிய சுவடிகள் காப்பகத்தில் உள்ள தோம்புகளையும் (ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடுகள்) பார்க்கலாம்.

டச்சுப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகையில் 1908 முதல் நூற்றுக்கணக்கான வம்சாவளிகள் வந்திருக்கின்றன. பெரிய உதவி, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். அந்தச் சங்கம் பார்த்தது தகப்பன் வழியை மட்டும். அம்மம்மாவின் அம்மா யார் என்ற கேள்விக்கு அங்கே பெரும்பாலும் ஒரு பெயர்தான் பதில். உங்கள் குடும்பம் அந்தப் பட்டியலில் இல்லாவிட்டாலும் அதை வைத்து ஒன்றும் முடிவுகட்ட முடியாது.

இப்படிப் போய் 1700-க்குப் பிறகு வந்த ஒருவரைப் பிடித்துவிட்டால், சம்பளப் பேரேட்டில் அவருக்கென்று எதிரெதிரே இரண்டு பக்கம் காத்திருக்கும். என் அம்மாவின் வழியில் "கப்டன்" என்று பெருமையாகச் சொல்லப்பட்டவர் அங்கே மாதம் 9 கில்டர் (அக்கால ஒல்லாந்த நாணயம்) சம்பளச் சிப்பாய். ஊர் ஒல்லாந்தில்கூட இல்லை, ஜெர்மனியின் ஒஸ்னாபுரூக். கம்பனிச் சிப்பாய்களில் பெரும்பகுதி இப்படி ஜெர்மன், ஸ்கண்டிநேவிய, சுவிஸ் ஊர்க்காரர்கள்தான். இடப்பக்கத்தில் முதலில் நிற்பது 150 கில்டர் கடன்: கப்பல் புறப்படும்வரை சோறும் படுக்கையும் கொடுத்து, கம்பனியில் சேர்த்துவிட்ட அம்ஸ்டர்டாம் விடுதிக்காரப் பெண்ணுக்குச் சேர வேண்டியது. ஏறத்தாழ 17 மாதச் சம்பளம்! அஞ்சு வருட ஒப்பந்தத்தில் ஒன்றரை வருடம் அந்த அம்மாவுக்கே உழைத்திருக்கிறார். அதற்குக் கீழே தாய்க்கு ஆண்டுதோறும் கொடுக்கச் சொல்லி எழுதிவைத்த பணம். கடைசி வரியில் இலங்கையில் இறந்த தேதி. எங்கள் வீட்டில் கப்டன் கதையை விட மனமில்லாத பெரியப்பா ஒருவர் இருக்கிறார். அவரிடம் நான் வாதாடப் போவதில்லை.

தேடும்போது பெயரில் பிடிவாதம் பிடிக்காதீர்கள். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார்: ஷ்னைடர் ஸ்னைடர் ஆவார், முல்லர் முல்டர் ஆவார். குடும்பப் பெயரே இல்லாமல் "யான் யான்சோன், பிரேமன் ஊர்" என்று மட்டும் பதிவானவர்களும் உண்டு. இன்று உங்களிடம் உள்ள குடும்பப் பெயர் அவருடைய பிள்ளைகள் காலத்தில் வந்ததாகவும் இருக்கலாம். அதனால் முதற்பெயர், ஊர், வந்த பத்தாண்டு என்று சேர்த்துத் தேடுங்கள். ஒரே ஆள் இரண்டு முறை கப்பலேறியிருந்தால் இரண்டு ஆளாகக் காட்டும், அதையும் கவனியுங்கள்.

சரி, பதிவேடுகள் உங்களை உண்மையிலேயே 17ஆம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோனால்? இரண்டு வழி உண்டு. ஒன்று, அம்ஸ்டர்டாம் நகரக் காப்பகத்தின் நொத்தாரிஸ் பத்திரங்கள், அதாவது பத்திரம் எழுதிச் சான்றளிக்கும் நொத்தாரிசுகள் முன் எழுதப்பட்டவை. கப்பலேறுமுன் சிப்பாய்கள் மரணசாசனமும் கடன் பத்திரமும் எழுதிவைத்தார்கள்; பெயர் அட்டவணை இணையத்தில் இருக்கிறது. மற்றது, ஆசியாவிலிருந்து கம்பனிக்குப் போன கடிதங்களும் அறிக்கைகளும். சுமார் 50 லட்சம் பக்கங்களைக் கணினி படித்து எழுத்தாக்கியிருக்கிறது. "குளோபலைஸ்" என்று தேடினால் வரும். ஒழுங்காகக் காவல் நின்ற சிப்பாய் அதில் ஏறுவது அரிது. குடித்துவிட்டு அடிபட்டவன், ஓடிப்போனவன் போன்றவர்கள் அகப்படுவார்கள். உங்கள் ஆள் கொஞ்சம் குழப்படிக்காரராக இருந்திருந்தால் உங்களுக்கு வசதி.

ஊர் பெயர் கிடைத்ததும் ஜெர்மன் தேவாலயப் பதிவேடுகளுக்குப் போகலாம்: கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு மட்ரிகுலா தளம் இலவசம், புரட்டஸ்தாந்துப் பதிவேடுகளுக்கு ஆர்க்கியோன் தளம், அதற்குக் கட்டணம் உண்டு. இரண்டிலும் எல்லா ஊரும் இல்லை. பணம் கட்டுமுன் உங்கள் ஊர் இருக்கிறதா என்று பட்டியலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.