கேமராமேன் படம் எடுத்தா கதை இருக்காதா?

கேள்வி: எங்க ஆபீஸ் கேன்டீன்ல டெய்லி இந்த சண்டைதான் சார். கேமராமேன் டைரக்டரானா படம் பாக்க அழகா இருக்கும், கதை மட்டும் இருக்காதுங்கிறான் என் ஃப்ரெண்டு. நடுவுல ஒருத்தர் வியட்நாம் டைரக்டர் ஹோங் சென் பேரை இழுத்து விட்டார், அவரும் கேமராமேனாமே? யாரு சார் அவரு?
- ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: உங்க ஃப்ரெண்டு மலை, மேகம், ஸ்லோமோஷன்னு பாத்து நொந்து போன ஆளு போல, அவரை தப்பு சொல்ல மாட்டேன். ஆனா ஹோங் சென் கேமராவை தூக்கினது அமெரிக்காவோட நடந்த வியட்நாம் போர்க்களத்துல, டாக்குமென்டரிக்காக. குண்டு விழற இடத்துல அழகு பாத்துட்டு நிக்க முடியுமா என்ன.

போரெல்லாம் ஓய்ஞ்சப்புறம் 1979ல ‘கான் தோங் ஹோவாங்’னு ஒரு படம் எடுத்தார், நம்ம பாஷைல கைவிட்ட வயக்காடுன்னு வச்சுக்கலாம். கறுப்பு வெள்ளை. தெற்கு வியட்நாம்ல மெக்காங் ஆத்து டெல்டால தண்ணி நிக்கற வெளி, ஒரு குடிசை, புருஷன் பொண்டாட்டி, ஒரு கைக்குழந்தை. கெரில்லாக்களுக்கு தகவல் போற வழியை காப்பாத்தறதுதான் அவங்க வேலை, தலைக்கு மேல அமெரிக்க ஹெலிகாப்டர் சுத்திக்கிட்டே இருக்கும். சத்தம் கேட்டா தண்ணிக்குள்ள முங்கிடணும், பெரியவங்க மூச்சை அடக்கிடுவாங்க, குழந்தை? ஒரு பிளாஸ்டிக் பைக்குள்ள குழந்தையை போட்டு, வாயை இறுக்கிப் பிடிச்சு, அப்படியே தண்ணிக்குள்ள அழுத்தறாங்க சார். பைக்குள்ள காத்து எத்தனை நேரம் வரும்னு நம்ம மனசு தானா கணக்கு போட ஆரம்பிச்சிடும், நான் சீட்டு நுனிக்கே வந்துட்டேன்.

அப்புறம் கேமரா மேல ஏறி ஹெலிகாப்டர்ல உக்காந்துக்கும். கீழ அவங்க வீடா இருந்த அதே வயல் இங்கேர்ந்து பாத்தா குண்டு போடற வெறும் இலக்கு. எங்க நின்னு பாத்தா எது தெரியும்ங்கிற இந்த புத்தி கேமராமேனுக்குத்தான் வரும்னு நான் நினைக்கிறேன். இத்தனைக்கும் இந்த படத்துக்கு அவர் கேமராவை தொடல, துவோங் துவான் பாங்கிறவர்கிட்ட குடுத்துட்டார்! கதை எழுத்தாளர் நுயென் குவாங் சாங்கோடது, மியூசிக் பாட்டுக்காரர் திரிங் கோங் சோன். 1981ல மாஸ்கோ ஃபெஸ்டிவல்ல தங்கப் பரிசு வாங்கின மூணு படத்துல இதுவும் ஒண்ணு.

சரி, வியட்நாம் வரைக்கும் எதுக்கு போகணும்? நம்ம ஊர் கே.ஆர். சர்க்கிள் பக்கம் இருக்கே எஸ்.ஜே. பாலிடெக்னிக், அங்க சினிமாட்டோகிராஃபி படிச்சவர்தான் கோவிந்த் நிஹலானி. ஹிந்தி டைரக்டர் ஷியாம் பெனகல் படங்களுக்கு கேமரா புடிச்சிட்டு 1980ல ‘ஆக்ரோஷ்’னு ஹிந்திப் படம் எடுத்தார், அதுல கதை இல்லைன்னு எவனாவது சொல்லட்டும் பாப்போம். பாலு மகேந்திராவும் முதல்ல டைரக்ட் பண்ணினது 1977ல கன்னடத்துல, ‘கோகிலா’.

ஹோங் சென் படத்தோட கடைசி சீனை சொல்ல மாட்டேன். ஃப்ரெண்டை பக்கத்துல உக்கார வச்சு பாருங்க, மறுநாள் கேன்டீன் பில் அவரோடதுதான்.