பழமொழியாகிவிட்ட பாட்டு வரிகள்: வாசகர் கேள்வி பதில்

கே: 'திருடனாய்ப் பார்த்துத் திருந்தாவிட்டால் திருட்டை ஒழிக்க முடியாது' என்பது ஔவையார் வாக்கா?

ப: ஔவைக்கு இருக்கிற பெருமை போதும். இது பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் சொத்து. 1961இல் வந்த 'திருடாதே' படப் பாட்டு. படம் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. 1959இல், 29 வயதிலேயே மறைந்துவிட்டார். மேடையில் இந்த வரியை முழங்குகிறவர்கள் அதற்கு முன்னால் இருப்பதை மெல்ல விழுங்கிவிடுவார்கள். திட்டம் போட்டுத் திருடும் கூட்டம் திருடிக்கொண்டே இருக்கிறது, சட்டம் போட்டுத் தடுக்கும் கூட்டம் தடுத்துக்கொண்டே இருக்கிறது என்று இரு தரப்பையும் ஒரே மூச்சில் நையாண்டி செய்துவிட்டுத்தான் கவிஞர் இங்கே வந்து சேருகிறார். நையாண்டியை நீக்கினால் மிஞ்சுவது வெறும் உபதேசம்.

கே: 'வீடு வரை உறவு' கண்ணதாசன் பட்டினத்தாரிடம் களவாடியதுதானே?

ப: எடுத்தார், சந்தேகமே இல்லை. 'அத்தமும் வாழ்வும் அகத்து மட்டே' என்று தொடங்குகிறது பட்டினத்தார் பாட்டு. செல்வம் வீட்டோடு சரி, பெண்டிர் வீதியோடு சரி, தலையில் கைவைத்து அழும் பிள்ளைகள் சுடுகாட்டோடு சரி. 'பாத காணிக்கை' (1962) படத்திலும் அதே வீடு, அதே வீதி, அதே காடு. ஆனால் முடிவைப் பாருங்கள். தொடர்ந்து வருவது புண்ணிய பாவமே என்று துறவி தீர்ப்பு எழுதிவிட்டார். கண்ணதாசனோ தீர்ப்பை எடுத்துவிட்டு, 'கடைசி வரை யாரோ' என்று நிறுத்திக்கொண்டார். கடவுளை நம்புகிறவரும் நம்பாதவரும் துக்க வீட்டில் ஒரே வரியை முணுமுணுக்க முடிவது அதனால்தான். இது களவு என்றால், இப்படிக் களவாடத் தெரிந்தவர்கள் இன்னும் நாலு பேர் பிறந்திருக்கலாம்.

கே: 'ஆறடி நிலமே சொந்தமடா'வும் அவருடையதுதானே?

ப: இல்லை. சுரதா. 'நீர்க்குமிழி', 1965. தத்துவம் தென்பட்டால் உடனே கண்ணதாசன் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

கே: எங்கள் மேலதிகாரி 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்று எழுதி மாட்டியிருக்கிறார். எந்தப் படப் பாட்டு?

ப: படமா? தேவாரம் ஐயா! கடம்பூர்க் கரக்கோயில் இறைவனை அப்பர் பாடியது. அதற்கு முந்தைய அடி, 'தன்கடன் அடியேனையும் தாங்குதல்'. தாங்குவது அவன் பொறுப்பு, உழைப்பது என் பொறுப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் ஒப்பந்தம். அந்த அடியையும் சேர்த்து மாட்டச் சொல்லுங்கள். சம்பள உயர்வு கேட்கும் நாளில் உதவும்.