தெற்குச் சுவரில் மே மாத உச்சி நிழல் விழாது

எழுத்து வெட்டின தகட்டைத் தெற்குச் சுவரில் நீட்டி வெச்சு, உச்சி வெயிலில் பெயர் நிழலா விழற மாதிரி செஞ்சீங்க; ஜனவரியில் தெரிஞ்சது மே மாசம் காணோம்னு கேட்டிருந்தீங்க. தகட்டில் குறையில்லை, வெட்டின எழுத்தை மாத்த வேண்டாம். பாலக்காட்டில் ஏப்ரல் 18 வாக்கிலிருந்து ஆகஸ்ட் 25 வரை உச்சிச் சூரியன் தலைக்கு வடக்கே போயிடும். அப்போ உங்க தெற்குச் சுவரில் நேர் வெயிலே படாது. ஜனவரியில் பளிச்சுன்னு தெரிஞ்ச பெயர் இப்போ காணாமப் போனதுக்குக் காரணம் இதுதான்.

அதுக்கு முன்னாடியே நிழல் இழுபட ஆரம்பிச்சிருக்கும். சுவரை விட்டு 10 செ.மீ. நீட்டின தகட்டோட உச்சிவேளை நிழல் ஜனவரி நடுவில் 16 செ.மீ. கீழே விழும், மார்ச் 20ல் 52 செ.மீ. எழுத்து மூணு மடங்கு நீண்டா யாரு வாசிப்பாங்க?

வருஷம் முழுக்க வேணும்னா கிழக்குச் சுவருக்கு மாத்துங்க, காலை 9 மணி நிழலுக்குக் கணக்குப் போடுங்க. மாசத்துக்கு மாசம் பக்கவாட்டில் சாயும், மறையாது.

துளை போடறதுக்கு முன்னாடி 10 செ.மீ. ஆணி ஒண்ணைச் சுவருக்குச் செங்குத்தா அடிச்சு, நிழல் நுனியை அரை மணிக்கொரு தடவை சாக்பீஸால் குறிங்க. பாலக்காட்டில் உச்சி 12 மணிக்கு இல்லை, மே மாசம் சுமார் 12:20க்கு.

ஒண்ணு மட்டும்: நிழல் ஒரு மீட்டர் தூரம் போனா விளிம்பு 9 மி.மீ. மங்கும். மெல்லிய கோடுள்ள எழுத்து அதில் கரைஞ்சிடும்.