ஜெல்லிமீன், பவளம், கடல் சாமந்தி: கடலில் பார்த்ததை எப்படி இனங்காண்பது?

நீருக்கடியில் எடுத்த படங்களில் எது பவளம், எது கடல் சாமந்தி என்று பிரிக்க முடியவில்லை, நிறத்தை வைத்துத் தேடினால் எதுவும் பொருந்தவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தை வைத்துத் தேடியதுதான் சிக்கல். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் அதையேதான் செய்தேன்.

ஆழம் கூடக் கூட சிவப்பு முதலில் மறைந்துவிடும். ஆகவே படத்தில் தெரியும் நிறம் பாதி நீரின் நிறம். மீதியும் நம்பத்தக்கதல்ல. கரும்பவளம் உயிரோடு இருக்கும்போது மஞ்சளாகவோ வெள்ளையாகவோ பச்சையாகவோ தெரியும். கறுப்பு உள்ளே இருக்கும் தண்டுக்குத்தான். நீலப்பவளம் வெளியே பழுப்பு, உடைந்தால்தான் நீலம். ஒரே இனப் பவளம் பக்கத்துப் பக்கத்திலேயே பச்சையாகவும் ஊதாவாகவும் இருப்பதைப் பார்க்கலாம்.

நிறத்தை விட்டுவிட்டு உணர்நீட்சிகளை, அதாவது வாயைச் சுற்றியுள்ள அந்த விரல்களை, எண்ணுங்கள். இவை எல்லாமே பள்ளியில் குழியுடலிகள் என்று படித்த கூட்டம். கொட்டும் செல்கள் இவற்றின் குடும்ப முத்திரை. உடலமைப்பும் அடிப்படையில் ஒன்றுதான்: விளிம்பில் விரல்கள் உள்ள ஒரு கிண்ணம். கிண்ணத்தை நிமிர்த்தி அடியை ஒட்டவைத்தால் பாலிப். கவிழ்த்து மிதக்கவிட்டால் மெடுசா. பவளமும் சாமந்தியும் முதல் வகை, நாம் ஜெல்லிமீன் என்பது இரண்டாம் வகை.

ஒட்டியிருப்பவற்றில் ஒரு பாலிப்புக்குச் சரியாக எட்டு விரல்கள், ஒவ்வொன்றின் இருபுறமும் இறகுபோலச் சிறு கிளைகள் இருந்தால் அது எண்கைப் பவளம். மென்பவளங்கள், கடல் விசிறிகள், கடல் இறகுகள் எல்லாம் இதில் அடங்கும். விரல்கள் இறகின்றி மழமழவென்று, ஆறின் மடங்காகவோ எண்ணி மாளாத அளவுக்கோ இருந்தால், பெரும்பாலும் கல்பவளம் அல்லது கடல் சாமந்தி. படம் தெளிவாக இருந்தால் இந்த ஒரே கேள்வி வேலையைப் பாதியாக்கிவிடும். மேலே சொன்ன நீலப்பவளம் கல்போலக் கெட்டியானது, ஆனாலும் எட்டு விரல்காரர்தான். தொட்டுப் பார்த்து வகை பிரிக்க நினைப்பவர்களை அது ஏமாற்றிவிடும்.

கல்பவளத்துக்கும் சாமந்திக்கும் வேறுபாடு சுண்ணாம்பு எலும்புக்கூடு. கேட்க எளிது. ஆனால் காளான் பவளங்களில் ஒரு வகை, நீண்ட தடித்த விரல்களைப் பகலிலும் நீட்டிக்கொண்டு அச்சு அசல் சாமந்திபோலக் கிடக்கும். விரல் நுனியில் வெளிர்நிறக் குமிழ் இருக்கும். விரல்கள் சுருங்கும்போதுதான் அடியில் காளானின் மடிப்புகள் போன்ற கல்தட்டு தெரியும். இதைச் சாமந்தி என்று பெயரிட்டு நான் பலருக்கு அனுப்பியிருக்கிறேன்; இன்னும் சிலர் அப்படியே நம்பிக்கொண்டிருக்கலாம்.

மணலிலிருந்து எழும்பும் சாமந்திக்கு வெளியே நீண்ட விரல் வளையமும், வாயை ஒட்டிக் குட்டை வளையமும் தனித்தனியாகத் தெரிந்தால் அது குழாய்ச் சாமந்தி. தானே கட்டிய குழாய்க்குள் சட்டென்று இறங்கிவிடும். இறகுக்குழாய்ப் புழுவும் நிழல் பட்டதும் கண்ணிமைக்கும் நேரத்தில் மறையும், ஆனால் அது புழு, இந்தக் குடும்பமே அல்ல.

இனி, கையைச் சுடுபவை. பாறையைப் பிடித்தபடி படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, பழுப்புப் பெரணிபோல அசைந்ததைப் பாசி என்று நினைத்து முழங்கையால் உரசினேன். அது ஹைட்ராய்டு, செடிபோலத் தோன்றும் கொட்டும் குழியுடலி. தடிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. இதன் உறவினர்தான் நெருப்புப் பவளம். பெயரில் மட்டுமே பவளம். கல்பவளத்தின் நட்சத்திரக் குழிகள் இதில் இருக்காது. கடுகு மஞ்சள் நிறம், வெளுத்த நுனி, வழவழப்பான பரப்பில் ஊசி குத்தியது போன்ற துளைகள். (நிறத்தை நம்பாதே என்றவன் நிறம் சொல்கிறேன், இங்கே துளைகள்தான் சாட்சி.)

மிதப்பவற்றில் குடையின் விளிம்பைப் பாருங்கள். நடுவில் நான்கு குதிரைலாட வளையங்கள் தெரிந்தால் நிலா ஜெல்லி. விளிம்பில் விரல்களே இல்லாமல் அடியில் தடித்த வாய்க்கரங்கள் மட்டும் தொங்கினால் அது வேர்வாய் வகை. குடை பெட்டிபோல நாற்சதுரமாக இருந்து, விரல்கள் நான்கு மூலைகளிலிருந்து மட்டும் தொங்கினால் பெட்டி ஜெல்லி. அதற்கு 24 கண்கள் உண்டு. அந்தப் படத்தைத் தூரத்திலிருந்தே எடுங்கள், சில இனங்கள் ஆளைக் கொல்லும். காற்றுப் பையோடு நீலமாக மிதக்கும் போர்த்துக்கீசியப் போர்க்கப்பல் ஜெல்லிமீனே அல்ல, வேலையைப் பங்கிட்டுக்கொண்ட பல உயிரிகளின் கூட்டு. கரையில் காய்ந்து கிடந்தாலும் கொட்டும்.

உடலில் எட்டு வரிசையாக வானவில் ஓடும் கண்ணாடிப் பந்து கொட்டாது. அது சீப்பு ஜெல்லி, வேறு குடும்பம். அந்த வானவில் அதன் சொந்த ஒளி அல்ல; துடிக்கும் நுண்ணிழைகளில் பட்டுச் சிதறும் வெளிச்சம்.

அடுத்த முறை ஒவ்வொன்றுக்கும் மூன்று படங்கள் எடுங்கள்: முழு உருவம், ஒரே ஒரு பாலிப்பின் அண்மைக்காட்சி, ஒட்டியிருக்கும் அடிப்பகுதி. அப்போதும் பல கல்பவளங்களின் இனப்பெயரைப் படத்தால் சொல்ல முடியாது. எலும்புக்கூட்டின் குழிகளை உருப்பெருக்கியில் பார்த்தாக வேண்டும். பேரினத்தோடு, அதாவது நெருங்கிய இனங்களின் பொதுப்பெயரோடு, நிறுத்திக்கொள்வதில் வெட்கமில்லை. என் கணினியில் மிகப் பெரிய கோப்புறையின் பெயர், ‘எட்டு விரல், மென்மையானது, மற்றது தெரியாது’.