பெர்லினில் குடியேற: வாசகர் கேள்வி–பதில்

கணவருக்கு பெர்லினில் வேலை கிடைத்திருக்கிறது. நவம்பரில் நானும் ஏழு வயது மகளும் கூடவே போகிறோம். முதல் இரண்டு மாதம் தற்காலிக வீடு. போய் இறங்கியதும் முதலில் முடிக்க வேண்டியது எது?
– வாசகி, திருப்பூர்

முகவரிப் பதிவு. அங்கே அதை 'அன்மெல்டுங்' என்பார்கள். குடிபோன 14 நாளுக்குள் 'ப்யூர்கர்ஆம்ட்' என்ற அலுவலகத்தில் பதிய வேண்டும். நகருக்குள் எந்த வட்டாரத்து அலுவலகத்திலும் பதியலாம். வீட்டுக்குப் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருக்காதீர்கள். இணையத்தில் நேரம் குறிக்கப் போனால் பல வாரம் தள்ளித்தான் காட்டும். பிறர் ரத்து செய்த இடங்கள் அவ்வப்போது வந்து விழும், குறிப்பாகக் காலையில். 115 என்ற அரசு உதவி எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

மூவரின் பாஸ்போர்ட், பூர்த்தி செய்த படிவம், திருமணச் சான்றிதழ், மகளின் பிறப்புச் சான்றிதழ், இவற்றோடு 'இவர்கள் என் வீட்டில் குடியேறினார்கள்' என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சீட்டும் வேண்டும். வாடகை ஒப்பந்தம் இந்தச் சீட்டுக்கு ஈடாகாது. தற்காலிக வீடுகள் காலை வாருவது இங்கேதான். பணம் கட்டும் முன்பே, பதிவுக்குச் சீட்டுத் தருவீர்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

பதிந்த பிறகுதான் 11 இலக்க வரி எண் தபாலில் வரும். அந்த எண் கணவர் வேலை பார்க்கும் நிறுவனத்துக்குப் போய்ச் சேரவில்லை என்றால், இருப்பதிலேயே அதிகமான 6ஆம் வகுப்பு வரியைச் சம்பளத்தில் பிடித்துவிடக்கூடும். அப்படிப் பிடித்தால் பிறகு திரும்பி வரும்தான், ஆனால் முதல் மாதக் கைச்செலவுக்கு ஆகாது.

நம்மவர்கள் கோட்டை விடுவது தபால்பெட்டியில். அங்கே உறையில் பொதுவாகக் கட்டடத்துக்குள் எந்த வீடு என்ற எண் இருக்காது. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் தபால்காரர் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பும். வரி எண், வங்கியின் ரகசிய எண், மருத்துவக் காப்பீட்டு அட்டை எல்லாமே தபால்தான். உங்கள் கணவர் பெயருக்குப் பின்னால் மாமனார் பெயர், உங்களுக்கு அப்பா பெயர், மகளுக்கு அவளுடைய அப்பா பெயர் என்று பாஸ்போர்ட்டில் இருக்குமானால், ஒரே குடும்பத்துக்கு மூன்று குடும்பப்பெயர். மூன்றையும் பாஸ்போர்ட்டில் உள்ள அதே எழுத்துக்கூட்டலில் பெட்டியிலும் அழைப்புமணியிலும் ஒட்டிவிடுங்கள். வெறும் இனிஷியல் போதாது.

வாடகை விளம்பரத்தில் 'கால்ட் 900, வார்ம் 1,150' என்று இருக்கிறது. எதைக் கணக்கில் கொள்வது? முன்பணம் எவ்வளவு கேட்பார்கள்?
– வாசகர், மதுரை

கால்ட் என்பது வெறும் வீட்டு வாடகை. அதோடு தண்ணீர், குப்பை, மாடிப்படி துப்புரவு, பெரும்பாலும் ஹீட்டிங்கும் சேர்ந்தால் வார்ம். மாதாமாதம் கையை விட்டுப் போவது 1,150 யூரோ. மின்சாரமும் இணையமும் தனி. அந்த 250 யூரோ உத்தேசக் கணக்குதான். ஆண்டுக் கணக்கு முடித்து, கூடினால் கேட்பார்கள், குறைந்தால் திருப்பித் தருவார்கள். கணக்காண்டு முடிந்து 12 மாதம் கழித்து வருகிற பாக்கிச் சீட்டுக்கு, தாமதம் வீட்டுக்காரர் தவறு என்றால், நீங்கள் பணம் தர வேண்டியதில்லை.

முன்பணம் அதிகபட்சம் மூன்று மாத கால்ட் வாடகை, அதாவது இங்கே 2,700 யூரோ. அதை மூன்று மாதத் தவணையில் கட்டச் சட்டமே இடம் தருகிறது. 'நான் வெளிநாட்டில் இருக்கிறேன், பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும்' என்று எவர் சொன்னாலும் மோசடி, பதில்கூடப் போடாதீர்கள்.

விளம்பரத்தில் சமையலறை உண்டு என்று தனியாகச் சொல்லியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அடுப்பும் அலமாரியும் ஏன், பாத்திரம் கழுவும் தொட்டிகூட இல்லாத வெறும் சுவர் காத்திருக்கலாம்.

மகன் வீட்டில் படுக்கையறை மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறதாம். குளிருக்கு பயந்து ஜன்னலையே திறப்பதில்லை என்கிறான். என்ன செய்வது?
– வாசகி, கும்பகோணம்

திறக்காததுதான் காரணம், அம்மா. சோறு கொதிக்கிற ஆவி, குளியல், உள்ளே காயும் துணி, தூங்கும்போது விடும் மூச்சு எல்லாம் சேர்ந்து, வெளிச்சுவரின் குளிர்ந்த மூலையில் நீராகப் படியும். ஹீட்டிங்கை அணைத்துவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து, முடிந்தால் எதிர்ப்பக்க ஜன்னலையும் திறந்து, 5 முதல் 10 நிமிடம் காற்றோட்டம் விடச் சொல்லுங்கள். காலை, மாலை, சமைத்த பின், குளித்த பின் கட்டாயம். ஜன்னலை மேல்பக்கம் மட்டும் சாய்த்துவைத்து நாள் முழுக்க விடுவது பலரும் செய்யும் தவறு: காற்று மாறாது, சுவர்தான் சில்லிடும். ஹீட்டர் குமிழை 3இல் வைத்தால் ஏறக்குறைய 20 டிகிரி. 5இல் வைத்தால் சீக்கிரம் சூடாகாது, அளவுக்கு மீறிச் சூடாகும், அவ்வளவுதான். வெளிச்சுவரை ஒட்டி பீரோ இருந்தால் ஒரு சாண் நகர்த்தச் சொல்லுங்கள். அறைகளுக்குப் போகும் நடையில் புகை உணரி இருக்கும். மிளகாய் தாளிக்கும்போது சமையலறைக் கதவைச் சாத்தாவிட்டால் கட்டடமே எழுந்துவிடும்.

தொலைக்காட்சியே இல்லாத எங்கள் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டச் சொல்லிக் கடிதம் வந்திருக்கிறது. மோசடியா?
– வாசகர், பெர்லின்

இல்லை. பொது ஒலிபரப்புக் கட்டணம் அது. வீட்டுக்கு ஒன்று, டிவி இருக்கிறதா என்ற கேள்வியே கிடையாது. கூடத் தங்கியிருப்பவர் ஏற்கெனவே கட்டினால், அவருடைய எண்ணைப் பதிலில் குறிப்பிட்டாலே போதும். குப்பையில் போட்டால் அபராதத்தோடு மறுபடி வரும்.

மருமகளிடம் என்னென்ன கொடுத்தனுப்பலாம்?
– வாசகி, தூத்துக்குடி

நெய்யும் பால்கோவாவும் கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களைப் பயணப்பையில் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் சான்றிதழ் இல்லாமல் அனுமதியில்லை. நிழலில் உலர்த்திப் பொடித்தது பரவாயில்லை. தேங்காய்க்குத் தடையில்லை. மீனுக்கு ஆளுக்கு 20 கிலோ வரை விலக்கு உண்டு, கருவாடும் அதில் அடக்கம். இரண்டு மூன்று உறை போட்டு இறுகக் கட்டுங்கள், பெட்டியில் இருக்கிற பட்டுப்புடவையை நினைத்தாவது. மாத்திரைகள் மூன்று மாதத் தேவைக்கு மேல் வேண்டாம். மருத்துவர் சீட்டை கைப்பையில் வைத்திருக்கட்டும்.