சாலையோரம் யாருக்கு?

கேள்வி: நாங்கள் புதுச்சேரி இலாசுப்பேட்டையில் வசிக்கிறோம். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் சைக்கிளில் பள்ளிக்குப் போய் வருகிறாள். எங்கள் தெருவில் புதிதாகச் சாலை போட்டபோது இரு ஓரங்களிலும் வெள்ளைக் கோடு போட்டார்கள். கோட்டுக்கு வெளியே உள்ள இடம் சைக்கிள்களுக்கு என்று நினைத்து மகிழ்ந்தோம். இப்போது அங்கே வரிசையாகக் கார்கள் நிற்கின்றன. எதிர் வீட்டுப் பெரியவர் உறை போட்டு மூடிய காரை வாரக்கணக்கில் எடுப்பதே இல்லை. கேட்டால், "வண்டிக்கு வரி கட்டியிருக்கிறேனம்மா" என்கிறார். எங்கள் காரும் வாசலில்தான் நிற்கிறது என்பதால் அதற்கு மேல் பேச நா எழவில்லை. மகளை இனி ஆட்டோவில் அனுப்பிவிடலாமா?
– ஒரு வாசகி, புதுச்சேரி

பதில்: அன்புள்ள சகோதரி,

சைக்கிளை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் மகளுக்கு அந்தத் தெருவில் உள்ள உரிமை, அங்கே நிற்கும் எந்தக் காருக்கும் உள்ளதைவிட ஒரு படி கூடுதலானது. சாலை என்பது போய் வருவதற்காகப் போடப்படுவது. வண்டியை நிறுத்தி வைப்பது, போகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத வரையில் பொறுத்துக்கொள்ளப்படுகிற ஒன்று. எதிர் வீட்டுப் பெரியவர் கட்டிய வரி, வண்டியைச் சாலையில் ஓட்டுவதற்கானது. வாசலுக்கு எதிரே உள்ள பொது இடத்துக்கான வாடகை அன்று. கடையில் சோப்பு வாங்கும்போதே வரி கொடுத்துவிடுகிற சைக்கிள்காரருக்கும் அந்தச் சாலையில் பங்கு உண்டு.

உங்கள் தெரு ஏழு மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கார், ஓரத்தில் விடும் இடைவெளியையும் சேர்த்தால், ஏறத்தாழ இரண்டு மீட்டரை எடுத்துக்கொள்ளும். இரு பக்கமும் நின்றால் நடுவில் மிஞ்சுவது மூன்று மீட்டர். பள்ளிப் பேருந்து ஒன்றின் அகலமே ஏறத்தாழ இரண்டரை மீட்டர். அந்த நேரத்தில் நிற்கும் காரைச் சுற்றிக் கடக்க வேண்டிய பெண், முதுகுப் பையின் கனத்தோடு வலத் தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். பார்க்கும்போது ஹேண்டில்பாரும் அவளை அறியாமலே வலப் பக்கம், அதாவது பேருந்து வரும் பக்கமே, திரும்பப் பார்க்கும். பிள்ளைகளைக் "கவனமாகப் போ" என்று சொல்லி அனுப்பும் நாம், அவர்கள் எவ்வளவு கவனமாக இருந்தாலும் போதாத ஒரு தெருவை அவர்களுக்குக் கொடுத்திருக்கிறோம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

சட்டத்தைப் பற்றியும் தெளிவாக இருங்கள். ஓரத்தில் வெள்ளைக் கோடு இருப்பதாலேயே அது சைக்கிள் தடம் ஆகிவிடாது; சைக்கிள் படமோ அறிவிப்புப் பலகையோ இல்லையென்றால் அது பெரும்பாலும் சாலையின் விளிம்பைக் காட்டும் கோடுதான். ஆனால் அதனால் உங்கள் பக்கம் வலுவிழந்துவிடவில்லை. பிறருக்கு ஆபத்தோ தடையோ ஏற்படும் வகையில் பொது இடத்தில் வண்டியை நிறுத்தக் கூடாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 122-ஆவது பிரிவு சொல்கிறது. பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கவனிப்பாரின்றி விடப்பட்ட வண்டியை அப்புறப்படுத்த, சீருடையில் உள்ள காவல் அதிகாரி உத்தரவிடலாம் என்கிறது 127-ஆவது பிரிவு. உறை போட்ட காருக்கு இது நேராகவே பொருந்தும். இரவெல்லாம் வாசலில் நிற்கும் உங்கள் காரும் இந்தக் கணக்கில் வந்துவிடக்கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே முதலில் நகர வேண்டியது உங்கள் கார்தான். கார் நிறுத்தக் கட்டிய போர்ட்டிகோவில் பழைய கட்டிலும் தண்ணீர் கேன்களும் ஓடாத ஸ்கூட்டரும் குடியிருப்பதை நம் ஊரில் பல வீடுகளில் பார்க்கலாம். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதைக் காலி செய்யுங்கள். போர்ட்டிகோவே இல்லையென்றால், பக்கத்தில் மாத வாடகைக்கு இடம் கிடைக்குமா என்று பாருங்கள். அந்தச் செலவு கார் வைத்திருப்பதன் செலவில் சேர்ந்ததுதான். இதுவரை அதை உங்கள் மகளைப் போன்றவர்கள் சுமந்து வந்தார்கள்.

அதன் பிறகு பெரியவரிடம் போங்கள். வரியைப் பற்றி வாதாட வேண்டாம், சட்டப் பிரிவுகளையும் சொல்ல வேண்டாம். மகளையும் அழைத்துச் சென்று, "ஐயா, நாங்கள் காரை உள்ளே எடுத்துவிட்டோம், காலையில் இவள் போகும் நேரத்துக்காவது இந்த ஓரம் காலியாக இருந்தால் உதவியாக இருக்கும்" என்று கேளுங்கள். நாள்தோறும் முகம் பார்க்கும் மனிதரிடம் காவல் நிலையத்தை முன்னால் நிறுத்தினால், கார் ஒருவேளை நகரும், உறவு முறிந்துபோகும். அவருடைய காரைப் படம் பிடித்துத் தெரு வாட்ஸாப் குழுவில் போடுவதையும் நான் ஒப்பமாட்டேன்.

அவர் மறுத்தாலும், தெரு முழுவதற்கும் பொதுவான ஏற்பாட்டைக் கேட்டு மனுக் கொடுக்கலாம். ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவது, பள்ளி தொடங்கும், விடும் நேரங்களில் இரு பக்கமும் தடை, முனைகளில் முழுத் தடை ஆகிய மூன்றும் அதிகச் செலவில்லாதவை. சாலை உழவர்கரை நகராட்சியின் பொறுப்பா, பொதுப்பணித் துறையின் பொறுப்பா என்று கேட்டறிந்து அங்கே ஒரு மனுவும், போக்குவரத்துக் காவல் துறைக்கு ஒரு மனுவும் கொடுங்கள். மற்றப் பெற்றோரும் கடைக்காரர்களும் கையெழுத்திடட்டும். இங்கெல்லாம் நடக்காது என்று யாராவது சொன்னால், மாலை ஆறு மணிக்கு மேல் மோட்டார் வண்டிகள் நுழைய முடியாத நம் கடற்கரைச் சாலையைக் காட்டுங்கள். அங்கே வேண்டும் என்று முடிவெடுத்தார்கள், நடக்கிறது.

இதற்கெல்லாம் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை, நிற்கும் கார்களிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி ஓட்ட மகளுக்குப் பழக்குங்கள். திடீரென்று திறக்கும் கதவு அந்த அளவுக்கு வெளியே வரும். இரண்டு கார்களுக்கு இடையே உள்ள சின்ன இடைவெளிக்குள் புகுந்து புகுந்து வெளியே வர வேண்டாம். நேர்கோட்டில் ஓட்டுகிறவளைத்தான் பின்னால் வருகிறவர்கள் கண்டுகொள்வார்கள். காரிலிருந்து இறங்கும்போது உங்கள் கணவர் வலக் கதவை இடக் கையால் திறக்கட்டும். அப்படித் திறந்தால் உடல் தானாகத் திரும்பும், பின்னால் வரும் சைக்கிள் கண்ணில் படும். பிரிட்டனின் சாலை விதிநூலில் 2022-இல் இந்த அறிவுரையைச் சேர்த்திருக்கிறார்கள்.